யார் இந்த மொக்கம்மாள்?

"நிலத்துக்குப் பினாமி கேள்விப்பட்டிருக்கேன். ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பினாமி இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் டாக்டர் சுந்தர்ராஜ்.

விஷயம் இதுதான். பட்டணத்து மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் ஆராய்ச்சி செய்யும் ஞானசிகாமணிக்குப் பேராசிரியர் பதவி தருவதாக இருந்தார்கள். அவர் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நூலகத்தில் தடித்தடியான அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டினார்கள். அவர் பெயரில் இரண்டுதான் இருந்தது. ஆனால் மொக்கம்மாள் என்ற பெயருக்குக் கீழே எழுபத்துமூன்று.

அந்த அட்டவணையில் கட்டுரையின் முதல் பெயருக்குத்தான் இடம். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர்களின் கை நடுக்கம் பற்றி ஞானசிகாமணி எழுதிய பெரிய கட்டுரையில், முதல் பெயர் மொக்கம்மாள். அவர் பெயர் இரண்டாவது. ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் மொக்கம்மாளைத்தான் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

எழுபத்துமூன்றை ஒரு மனுஷன் சும்மா தூக்கிக் கொடுப்பானா? யாரோ கொழுந்தியாளுக்கு வேலை வாங்கத்தான் இந்த ஏற்பாடு என்று சுந்தர்ராஜ் முடிவே கட்டிவிட்டார். கல்லூரியில் மூத்த பேராசிரியர் என்பதால் விசாரிக்கும் பொறுப்பும் அவருக்குத்தான். மோசடி என்று அவர் எழுதினால் பதவி மட்டுமல்ல, ஞானசிகாமணிக்கு இருக்கிற வேலையும் போகும்.

ஞானசிகாமணியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த ஆள், "காமயகவுண்டன்பட்டிக்குப் போய்ப் பாருங்க" என்றதோடு சரி. சுந்தர்ராஜுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

சொல்லிவிட்டுப் போனால் பாடம் சொல்லிக்கொடுத்து வைத்திருப்பார்கள் என்று, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். கம்பத்தில் டவுன் பஸ் ஏறி, காமயகவுண்டன்பட்டியில் இறங்கி, டீக்கடையில் மொக்கம்மாளைப் பற்றிப் பட்டும் படாமலும் விசாரித்தார். தோட்டத்தில் இருக்கும் என்று கை காட்டினார்கள்.

பட்டம் வாங்கிய பெண் ஒருத்தியை எதிர்பார்த்துப் போனவருக்கு முன்னால், ஐம்பத்தைந்து வயது அம்மாள் ஒருத்தி பந்தலில் கொடியைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஞானசிகாமணி உங்களுக்கு என்ன உறவு?"

"ஒறவா? அவுக வேதக்காரவுக, ஏசு சாமி கும்புடுறவுக. எங்க வீட்டுல எப்படிய்யா ஒறவு வரும்?"

கட்டுரையைப் பற்றிக் கேட்டார். தனக்கு எழுத்தே தெரியாது என்றாள். சுந்தர்ராஜுக்கு உள்ளுக்குள் துள்ளியது. ஆள் வசமாக மாட்டிக்கொண்டான் என்று நோட்டைத் திறந்தார்.

"அப்ப உங்க பேரு எப்படிம்மா அதுல வந்துச்சு?"

மொக்கம்மாள் அவரை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனாள். சுவர் முழுக்கச் சணல் கயிறுகள் தொங்கின. எண்ணினார். இருபத்துமூன்று.

"ஆளுக்கு ஒரு கயிறு. இது அம்மாவாசி, இது கர்ணன். மருந்தடிச்ச அன்னிக்கு ஒரு முடிச்சு. சோத்தை வாயில வைக்க முடியாம கை ஆடுச்சுன்னா ஒரு செவப்புத் துணி. மூணு முடிச்சு சேந்தாப்புல வந்தா, அடுத்து துணி வந்துருது பாருங்க."

சுந்தர்ராஜ் பார்த்தார். கயிறு மாற்றிக் கயிறு பார்த்தார். எல்லாக் கயிற்றிலும் அப்படித்தான் இருந்தது.

தன் வீட்டுக்காரர் சுருளியாண்டிக்குக் கை விளங்காமல் போன வருஷம் இதை ஆரம்பித்ததாகச் சொன்னாள். ஆறு வருஷம் ஒரு தடவை விடாமல் முடிச்சுப் போட்டிருக்கிறாள். மருந்தைக் குறை சொல்லாதே என்று தோட்ட முதலாளிகள் திட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் ஞானசிகாமணி வந்து, கயிற்றைப் பார்த்து, ஒவ்வொருவரையும் சோதித்து எழுதியது.

"நீங்க கண்டதத்தான் நான் சரிபாத்தேன்னு சொன்னாக. வேல பாத்தவுக பேருதான் மொதல்ல வரணுமாம்" என்றாள்.

சுந்தர்ராஜுக்கு வெட்கமாக இருந்தது. மொக்கம்மாள் பெயர் முதலில் வந்தது முற்றிலும் நியாயம், பதவி தரலாம் என்று அங்கேயே நின்று எழுதினார்.

அவர் எழுதுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் இந்த மாதிரி கட்டுரை எழுதுவீகளாய்யா?"

"அறுபத்திரண்டு எழுதியிருக்கேன். எல்லாத்துலயும் என் பேருதான் முதல்ல" என்றார். பழக்கதோஷம், பெருமையாகவே வந்துவிட்டது.

"அம்மாடி. அம்புட்டுக்கும் நீங்க என்ன வேல பாத்தீக?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்ட மாணவி சொர்ணலதாவின் முகம் சுந்தர்ராஜுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர்களின் பெயர்கள்கூட ஞாபகம் வரவில்லை.

நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்:

"கையெழுத்துப் போட்டேம்மா."