ஹெலி போகும்வரை

"அடியடா நிக்சன்!" என்று கேலரியிலிருந்து சீலன் அண்ணை கத்தினார். பனித்தூள் விழும் மைதானத்தில் நிக்சன் பந்தோடு பறந்துகொண்டிருந்தான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். இன்று கோல் அடிக்காவிட்டால், அகதியாய் வந்த நாட்டில் கிடைத்த ஒரே கிளப்பிலும் இடமில்லை.

காலை ஓங்கினான். டிவிக்காரர்களின் ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தது. அடுத்த நொடி, ஊரில் ஹெலி வந்து சுடும்போது கிடந்த மாதிரியே, பிடரியைப் பொத்திக்கொண்டு புல்லில் குப்புறக் கிடந்தான்.

போச்சு!

பந்து மட்டும் நிற்கவில்லை. கனவில் உருள்வதுபோல் தன்பாட்டுக்கு மெல்ல உருண்டுபோய் வலைக்குள் புகுந்தது. அரங்கம் அதிர்ந்தது. ஏன் யாரும் தடுக்கவில்லை? நிக்சன் முகத்தைத் தூக்கினான்.

வேறேதோ நாட்டிலிருந்து வந்திருந்த அந்தக் கோல்கீப்பரும் பிடரியைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தான்.

"போயிட்டுது, எழும்பு" என்றான் நிக்சன், தமிழிலேயே.