நாற்பத்திரண்டாவது வரி

கணவன்மார் உடைத்த மண்டைகளைப் பற்றி டாக்டரம்மா மருத்துவ மாநாட்டுக்கு ஆய்வுப் போஸ்டர் தயாரித்திருந்தார். அட்டவணையில் இறந்த பெண்கள் நாற்பத்தொரு பேர், ஆளுக்கு ஒரு வரி. அச்சடித்து வந்த தாளில் நாற்பத்திரண்டு வரிகள் இருந்தன.

"நீங்க அனுப்புனதத்தான் போட்டேன்மா," என்றார் அச்சகக்காரர். திரையில் எண்ணினார்கள், நாற்பத்தொன்று. மறுபடி அச்சடித்தார்கள், நாற்பத்திரண்டு.

கடைசி வரி: வயது முப்பத்தாறு. பிறவியிலேயே இடது காது கேட்காது. சுத்தியல்.

அது அவருடைய தங்கையின் வயது, தங்கையின் காது. உடனே அவளுக்குப் போன் போட்டார். தங்கையின் கணவன் எடுத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மாப்பிள்ளை, அவ எங்க?"

"இன்னும் முடியலயே அண்ணி," என்றான். "அதுக்குள்ள உங்களுக்கு யாரு சொன்னது?"

பின்னால் "அக்கா" என்று தங்கையின் குரல் கேட்டது. அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.