ஐந்தாவது பெயர்

மூன்றாவது பெயரும் சரியாக இருந்தது.

அவன் கைதட்டவில்லை. பக்கத்தில் மனைவி. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

டிவியில் ஒரு பெரிய கூடம். மேசைக்கு ஒரு கால்பந்து அணி. கல்லூரிகளில் ஆடும் பெண்களில் யாரை எடுப்பது என்று முறை வைத்துச் சொல்கிறார்கள். சென்னை அணிக்கு ஐந்து முறை. மூன்று முடிந்துவிட்டது.

அந்த ஐந்து பெயர்களையும் அவன் நேற்றே எழுதிவிட்டான். தெருவின் எதிர்வாடையில் இருக்கும் கிளப்பின் கரும்பலகையில், சாக்பீஸால், தெருவே பார்க்கும்படி.

ஆறு வருடமாக எழுதுகிறான். லாரி ஓட்டிய நேரம் போக மிச்சத்தில் எந்தக் கல்லூரியில் மேட்ச் என்றாலும் போய் நிற்பான். நோட்டு வைத்துக் குறிப்பான். இதுவரை ஒரு பெயர்கூடப் பலித்ததில்லை. அவன் எழுதினால் அந்தப் பெண்ணைச் சென்னை அணி எடுக்காது. அது தெருவுக்கே தெரியும்.

"அண்ணே, உனக்குப் புண்ணியமாப் போவும், எம்பேர மட்டும் எழுதிடாத."

போன வருடம் ஒரு பெண் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

இந்த வருடம் காத்திருப்பவர்களில் கெசியாவும் ஒருத்தி. அவர்களுடைய மகள். கோல்கீப்பர். கல்லூரியில் கடைசி வருடம். இன்று யாரும் எடுக்காவிட்டால் பந்தை மறந்துவிட்டு, பெரியம்மா வேலை செய்யும் துணி கம்பெனிக்கே போய்விடுவதாக அவளே சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்கிறவள்.

நேற்று பயிற்சி முடிந்து வந்த கெசியா பலகை முன்னால் நின்றாள். ஐந்தாவது வரி: கோல்கீப்பர், விண்ணரசி, தூத்துக்குடி.

வீட்டுக்கு வந்து குழாயடியில் கையுறையை அலசினாள். அழுக்கு போன பிறகும் அலசினாள்.

"நாலு கோல் வுட்டுட்டு வந்தாக்கூட உன்ன மாரி கீப்பர் கிடையாதும்ப. அதெல்லாம் பொய்யாப்பா?"

அவன் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

பெற்றவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. பந்து விஷயத்தில் அவன் யாருக்கும் சலுகை தருகிறவன் இல்லை. உண்மையிலேயே மகள் தேறமாட்டாள் என்று நினைக்கிறானோ? இருபத்து மூன்று வருடம் கூட இருந்தவனை அந்த ஒரு கணம் யாரோபோலப் பார்த்தாள். இப்போது நினைத்தால் கூச்சமாக இருந்தது.

காலையில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். அவன் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எழுதுனா போயிடும்டி. நான் எழுதி எவ உள்ள போயிருக்கா?"

"அத அவகிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"வாய வுட்டுச் சொன்னா பலிக்காது."

அவள் செதில் பட்ட கையோடு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மற்ற நான்கு பெயர்களை நோட்டைக்கூடப் பார்க்காமல், கைக்கு வந்தபடி எழுதினானாம். மனம் முழுக்க எழுதாத பெயரில்தான் இருந்ததாம்.

அதனால்தானோ என்னவோ, இந்த வருடம் பலிக்கிறது.

நான்காவது பெயர் வந்தது. அதுவும் அவன் எழுதியவள்.

அரை நிமிடம் கழித்துத்தான் கிளப்பில் விசில் பறந்தது. அங்கே செல்போனில் பார்க்கிறார்கள். எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். கிளப்பிலிருந்து தாஸ் ஓடிவந்து சன்னலில் முகம் வைத்தான்.

"அண்ணே! நாலுக்கு நாலு! உன் வாய்ல சக்கரய கொட்டணும்! அஞ்சாவதும் அடிக்கிற பாரு!"

"மூடிக்கினு போடா."

தாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. போய்விட்டான்.

மற்ற அணிகள் எல்லாம் முடித்துவிட்டன. சென்னை அணி ஒரு கோல்கீப்பரை எடுத்தாக வேண்டும். மிச்சம் இருப்பது இரண்டே பேர். விண்ணரசி. கெசியா.

அவன் எழுந்தான். செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்தான்.

அவன் மனைவி வாசலுக்கு வந்தாள். அவன் பலகையின் ஐந்தாவது வரியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். நான்கு பேர் சேர்ந்து அவனை இழுத்தார்கள்.

"அழிக்கக் கூடாதுண்ணே! ஜெயிக்கிற நேரத்துல இன்னா பண்ற நீ!"

"வுடுங்கடா. தெரியாம எழுதிட்டேன்டா."

அவள் கழுத்துக்குப் பின்னால் மூச்சு பட்டது. காலையிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கெசியா.

"இன்னாம்மா பண்றாரு அவரு?"

"அந்தப் பொண்ணு பேர அழிக்கிறாரு."

"இன்னாத்துக்கு? அவரு எழுதுன பேரு எதுவும்…"

கெசியா பாதியில் நிறுத்தினாள்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருவருமே அழுதுவிடுவார்கள் என்று தோன்றியது.

உள்ளே டிவியில் ஐந்தாவது பெயரைப் படித்தார்கள். கல்லூரி, ஊர், உயரம் எல்லாம் சேர்த்து. நிதானமாக.

தெருவுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

அங்கே அவன், பாதி அழிந்த பெயருக்கு முன்னால், கைகள் இரண்டையும் யார் யாரோ பிடித்திருக்க, தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். மனைவியின் முகத்தைப் படிக்கப் பார்த்தான். இந்த முகத்தை அவன் இவ்வளவு கவனமாக எப்போது பார்த்தான்?

சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

அதற்குள் கெசியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கினாள்.

"அப்பா! தப்புப்பா! அஞ்சாவது தப்பு!"