மாப்பிள்ளையின் வாய்

பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு, மனைவி முக்காலியை இழுத்துப் போட்டு மீன்தொட்டியின் முன் உட்கார்ந்தாள்.

சத்தமே வரவில்லை. முக்காலியின் கால்களுக்கு என் பழைய காலுறைகளை மாட்டி மூன்று வாரம் ஆகிறது.

கடைகளில் தோகையை விரித்துக்கொண்டு பாட்டிலுக்குள் நிற்குமே ஃபைட்டர் மீன், அதன் காட்டுச் சொந்தக்காரன்தான் எங்கள் தொட்டியில் இருப்பது. பழுப்பு நிறம், பெரிய தலை, பார்க்க ஒன்றும் பிரமாதம் கிடையாது. இந்த இனத்தில் பெண் முட்டையைப் போட்டுவிட்டு அக்கடா என்று இருந்துவிடும். ஆண்தான் அத்தனையையும் வாயில் அள்ளி அடக்கிக்கொண்டு, இரண்டு வாரம் பட்டினி கிடந்து, குஞ்சாகத் துப்பும்.

உலகத்தில் பொறுப்பான ஆண்பிள்ளை இது ஒன்றுதான் என்பது மனைவியின் கருத்து. மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

மாப்பிள்ளை பயந்த சுபாவம். கதவை டமாரென்று சாத்தினால் போதும், வாயில் இருப்பதை விழுங்கிவிடுவார். இரண்டு முறை விழுங்கியாகிவிட்டது.

மூன்றாம் முறை அவர் வாய் நிரம்பி, பெண்மீனை வேறு தொட்டிக்கு மாற்றிய அன்றுதான் எங்களுக்குள் சண்டை வந்தது.

வேலையை விட்டுவிடட்டுமா என்று ஒரு வாரமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். நான் தொட்டியைப் பார்த்தபடி ஏழு நாளும் 'ம்' கொட்டியிருக்கிறேன். ராஜினாமாக் கடிதம் வரைக்கும் எழுதிவிட்டாள். அதைக் கொண்டுவந்து காட்டியபோது, இது என்ன என்று கேட்டுத் தொலைத்தேன்.

ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவன் நான். காதுக்கு மாட்ட எங்கள் கடையில் ஒன்றும் கிடையாது.

அன்று அவள் கத்தவில்லை. கடிதத்தை நாலாய்க் கிழித்தாள்.

"மாப்பிள்ளை குஞ்சைத் துப்பட்டும். அதைப் பாத்துட்டு அக்கா வீட்டோட போயிடறேன்."

அதன்பின் வீடு ஊமையாகிவிட்டது. மிக்ஸி பரண் ஏறியது. பாத்திரங்களைத் துணி விரித்து அதன்மேல் வைத்தோம். அவசியமானதைக் கிசுகிசுத்தோம்.

கிசுகிசுப்பில் ஒரு தொல்லை உண்டு. காதைக் கொண்டுபோய்க் கொடுத்தே ஆகவேண்டும். அப்படிக் கொடுத்ததில், அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம் முழுவதும் என் காதுக்குள் வந்து குடியேறியது. ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிற போலீஸ்காரர். பதினொரு வருஷமாக அவள் பெயரைத் தப்பாகவே எழுதும் மேலாளர். நின்று நின்று வீங்கிப்போகிற இடது முழங்கால். இதெல்லாம் பழைய கதை என்றாள். எனக்கு அத்தனையும் புதுசாக இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை. அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் தும்மிவிட்டேன்.

மாப்பிள்ளையின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. உப்பியிருந்த தாடை சப்பென்று ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பெட்டி கிளம்பிவிடும்.

வெளிச்சம் ஆகாது என்று ஒரு கதை விட்டு, தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினேன். விடிவதற்குள் எழுந்து, பால்கனித் தொட்டியில் வளர்க்கும் கொசுப்புழுவை வடிகட்டி மாப்பிள்ளைக்குப் போட்டேன். பதினாலாம் நாள் வந்தபோது, குளிருக்குக் கொஞ்சம் தாமதமாகும் என்றேன். பதினெட்டாம் நாளும் அதையேதான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மேலாளர் கதையைத் தொடர்ந்தாள்.

இன்றைக்கு இருபத்திரண்டு.

அவளே துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

வாதாம் இலை ஊறி டீ நிறத்தில் தண்ணீர். அடியில் நாலைந்து இலைகள். ஒரு மூலையில் மாப்பிள்ளை, நன்றாகக் கொழுத்துப்போய். குஞ்சு என்று பேருக்கு ஒன்று கூட இல்லை.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. கடையில் எத்தனையோ பேரிடம் சாமர்த்தியமாகப் பேசி இரண்டு ஜோடிக் கண்ணாடி விற்றிருக்கிறேன். அந்தச் சாமர்த்தியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஐந்தாம் நாளே விழுங்கிவிட்டது, தும்மியது நான்தான், நீ போய்விடுவாயே என்று சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகக் கொட்டிவிட்டேன்.

அவள் கைப்பையைத் திறந்து, ரத்தம் எடுத்து வைக்கிற சின்னப் பாட்டில் ஒன்றை வெளியே எடுத்தாள். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

விரலை நீரில் நனைத்துக்கொண்டு பாட்டிலைச் சாய்த்தாள்.

இத்தனை நாளாக நான் இரை போட்டால், நான் நகர்கிற வரைக்கும் இலைக்கடியிலேயே பதுங்கிக் கிடப்பார் மாப்பிள்ளை. இப்போது விறுவிறுவென்று மேலே வந்து, பழகின வீட்டுக்கு வந்தவர்போல அவள் விரல் நுனியைக் கொத்தினார்.

வாயில் முட்டை இருக்கிற ஆணுக்கு யாரும் இரை போடமாட்டார்கள். அது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நீங்க காலையில போடறது அதுக்குப் பத்தல, சாயங்காலம் நானும் போட்டுட்டுதான் இருக்கேன். பெட்டியை எடுத்தாதான் வாயைத் திறப்பீங்களா?"

பயந்து விழுங்குவதற்கு மாப்பிள்ளையின் வாயில் இனி ஒன்றும் இல்லை. வீடே அதிரும்படி கத்தியிருக்கலாம் அவள்.

என் காதருகே குனிந்துதான் கேட்டாள்.