முதல் கையெழுத்து

மனுவில் பதினான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து பராசரனுடையது.

திருவள்ளூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் படுத்துக் கிடக்கும் கெங்கம்மாள் என்பவளுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஊரில் இரண்டு பேருக்குப் பெரியம்மை கண்டதற்கு அவள்தான் காரணம். எங்கள் தெருப் பக்கமும் தினம் வந்து போகிறாள். உடனே ஊரை விட்டு அப்புறப்படுத்த வேண்டும். அவ்வளவுதான் மனு.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் பூவராகவன் அதை இரண்டு முறை படித்தார். தழும்பு ஆறினவளிடமிருந்து யாருக்கும் அம்மை தொத்தாது, அவளுக்கும் இன்னொரு தடவை வராது என்று மனு கொண்டுவந்தவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார். அவர்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, எப்போது அப்புறப்படுத்துவீர்கள் என்று கேட்டார்கள்.

பராசரன் மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். முட்டிவலி என்று இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லையாம்.

அறுபத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாசம். அமாவாசைக்குக் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வருவதற்குள் அம்மை என்ற பேச்சே காதில் விழக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வேறு. பூவராகவன் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனார்.

கெங்கம்மாள் அங்கே இல்லை. விடியும்போது போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருகிறாள், இப்போதெல்லாம் பிச்சைக்கும் உட்காருவதில்லை என்றான் போர்ட்டர் முனுசாமி. அவள் கதையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. மெட்ராஸில் மூர் மார்க்கெட் பக்கம் பிளாட்பாரத்தில் இருந்தவள். அம்மை கண்டு, தொத்துவியாதி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் அவள் இடத்தில் வேறொரு குடும்பம். ரயிலேறி இங்கே வந்து இறங்கிவிட்டாள்.

பொழுது சாய்ந்ததும் வந்தாள். நாற்பது வயசு இருக்கும். பூவராகவன் மனுவைப் பற்றிச் சொன்னார். காலை ரயிலில் மெட்ராஸுக்கு அனுப்பி அங்கே ஒரு விடுதியில் சேர்க்கப் போவதாகவும் சொன்னார். அவள் மறுக்கவில்லை. நாலு நாள் மட்டும் தவணை கேட்டாள்.

"எதுக்கு நாலு நாள்?"

அவள் கையில் வேப்பிலை வாசனை. நகக்கண்ணில் மஞ்சள். இருபது வருஷ சர்வீஸில் அவருக்கு அது புதுசு இல்லை.

"எங்கேயோ அம்மை கண்ட ஆள் இருக்கு. நீ பாத்துக்கறே. யார் அது?"

"யாரும் இல்ல சார். எனக்குத்தான் ஜொரம். எம்பேருல எய்திக்கோங்க."

"உனக்கு ரெண்டாந்தடவை வராதுன்னு உனக்கே தெரியும்."

"வந்துச்சுன்னு எய்திக்கோங்க சார்."

மறைத்து வைத்தால் சுற்றியிருப்பவர்களுக்கும் பரவும் என்று எடுத்துச் சொன்னார். அதட்டினார். போலீஸ் என்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை எட்டு மணி ரயிலுக்கு, மனுப் போட்டவர்களில் பாதிப் பேர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். நிஜமாகவே போகிறாளா என்று பார்க்கத்தான். பராசரன் கடைசியில் ஒரு தூணோரமாக நின்றார். கெங்கம்மாள் துணி மூட்டையோடு ஏறி உட்கார்ந்தாள். யார் பக்கமும் திரும்பவில்லை.

கார்டு கொடியைப் பிரிக்கும்போது ஒரு பெண் பிளாட்பாரத்துக்குள் வந்தாள். எட்டு மாசக் கர்ப்பிணி. நடந்தே வந்ததில் மூச்சு வாங்கியது. பராசரனின் மனைவி ஹேமாம்புஜம். புருஷனைத் தாண்டி நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"எங்காத்துல குழந்தைக்கு அம்மை வார்த்திருக்கு. எட்டு வயசுப் பொண்ணு. வயத்துல ஒண்ணை வெச்சுண்டு நான் கிட்டப் போகப்படாது. வேற யாரைக் கூப்பிட்டாலும் ஊருக்குத் தெரிஞ்சுடும். பதினஞ்சு நாளா கொல்லைப்பக்கமா வந்து இவதான் பாத்துக்கறா. இவளை அனுப்பிட்டா என் குழந்தை பிழைக்காது."

"ஏம்மா மறைச்சீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போயிடுவேளேன்னு."

பராசரனைச் சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

ரயில் போய்விட்டது. கெங்கம்மாள் இறங்கியிருந்தாள்.

பூவராகவன் போய்க் குழந்தையைப் பார்த்தார். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. நாலு நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம். பொருக்கு முழுக்க உதிரும் வரை யாரும் உள்ளே போகக்கூடாது, கெங்கம்மாளைத் தவிர என்றார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க அம்மை குத்தி முடித்தார். எல்லாரும் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். அதில் மூன்று பேர், மனுவில் இருப்பது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள்.

பராசரன் கூடத்தில் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். பூவராகவனுக்கு அவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. தன் குழந்தையை உயிரோடு வைத்திருப்பவளை விரட்டச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும்?

கொல்லையில் கெங்கம்மாள் வேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உன்னை ஊரை விட்டுத் துரத்தச் சொல்லி மொதல் கையெழுத்துப் போட்டது யாருன்னு தெரியுமா? இந்த வீட்டுக்காரர்தான்."

"தெரியும் சார்" என்றாள் கெங்கம்மாள். "மாட்டவே மாட்டேன்னுதான் சொன்னாரு. தெருவே போடறப்போ இவுரு மட்டும் போடலன்னா இந்த ஊட்டு மேல சந்தேகம் வரும், கொயந்தய தூக்கினு பூடுவாங்க. நாந்தான் மொத ஆளா போடச் சொன்னேன்."