ஹஷிமோரி வீட்டு மாப்பிள்ளை

“பேரை மாத்திக்க மாட்டாராமா? யாரு, இந்த சாட்டோவா?”

தேய்சோ போட்ட சத்தத்தில் மேஜை மேலிருந்த டீக் கோப்பைகள் ஆடின. எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த ரியோஹெய், கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை இன்னும் கையிலேயே வைத்திருந்தான். நல்ல நாளும் அதுவுமாகப் பெண் வீட்டுக்கு வந்தவனுக்குக் கிடைத்த வரவேற்பு இது.

நடுவில் கல்யாணப் பதிவுப் படிவம். எல்லாம் எழுதியாயிற்று, ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் எந்தக் குடும்பப் பேர், புருஷன் வீட்டுப் பேரா, பெண்டாட்டி வீட்டுப் பேரா? ஏதாவது ஒன்றில் டிக் அடித்தே ஆகவேண்டும். ஆளுக்கொரு பேர் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது.

“அப்பா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. நாட்டுல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு ஜோடி புருஷன் பேரைத்தான் போட்டுக்கறாங்க” என்றாள் மகள் கனாயே.

“போட்டுக்கட்டும்! அவங்க பேரெல்லாம் ஹஷிமோரியா? தம்பி பேரு சாட்டோ. நாடு முழுக்கப் பதினெட்டு லட்சம் பேர் இருக்கான். ஆஸ்பத்திரியில ‘சாட்டோ’ன்னு கூப்பிட்டா அரை வரிசை எழுந்து நிக்குது. நூறு யென் கடையில அந்தப் பேருக்குக் கையெழுத்து முத்திரை ரெடிமேடா தொங்குது. எங்க பேருக்கு ஆர்டர் கொடுத்துட்டுப் பத்து நாள் காத்துக் கெடக்கணும், தெரியுமா?”

ரியோஹெய் தொண்டையைச் செருமினான். “சாட்டோவும் லேசுப்பட்ட பேர் இல்லீங்க ஐயா. அந்தக் காலத்து ஃபுஜிவாரா பிரபு வம்சத்துல, உதவி அதிகாரியா இருந்தவங்க...”

“ஆரம்பிச்சுட்டான்யா! ஃபுஜிவாரா வம்சம்னு சொல்லிக்காத சாட்டோவை நான் இன்னும் பாக்கல. பதினெட்டு லட்சம் பேரும் அரண்மனையில உட்கார்ந்திருந்தா வயல்ல நாத்து நட்டது யாருப்பா?”

கனாயேவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா யசுயோ மட்டும் நிறைந்திருந்த கோப்பையிலேயே மேலும் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஹஷின்னா பாலம். மோரின்னா காவல்” என்று தேய்சோ விரலை நீட்டினார். “நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி, குடியானவனும் குடும்பப் பேர் வச்சுக்கணும்னு அரசாங்கம் சொன்னப்போ, கண்டவன் கண்டதை வச்சான். வீட்டுப் பக்கத்துல வயல் இருந்தா வயல், மலை இருந்தா மலை. இந்த வீட்டு ஆளுங்க அப்படி வைக்கல. வெள்ளம் வந்தா ராப்பகலா பாலத்துல நின்னு காவல் காத்தவங்க. அந்தப் பாலமும் போச்சு, அஞ்சு வீடா இருந்த ஹஷிமோரியும் போச்சு. மிச்சம் இந்த ஒரு வீடு. இந்த வீட்டுக்கு மிச்சம் இந்த ஒரு பொண்ணு. நீ அவளைக் கூட்டிட்டுப் போய்ப் பதினெட்டு லட்சத்து ஒண்ணாவது சாட்டோ ஆக்கப் போறியா?”

சொல்லச் சொல்ல அவருக்கு மூச்சு வாங்கியது. கொட்டிக் கிடக்கிற பேரில் ஒன்று குறைந்தால் இந்தப் பயலுக்கு என்ன குடி முழுகிவிடும்?

ரியோஹெய் பெட்டியைக் கீழே வைத்தான். இப்போது அவன் குரலும் ஏறியிருந்தது.

“ஐயா, நான் எண்ணிக்கை பாத்துப் பேசல. எனக்கு ஏழு வயசுல எங்கப்பா செத்துட்டாரு. வீடு இல்ல, நிலம் இல்ல. அவர் எனக்குன்னு விட்டுட்டுப் போனது இந்தப் பேர் ஒண்ணுதான். கனாயேவுக்காக நான் எதை வேணா விடுவேன், வேலையைக் கூட விட்டுட்டு இந்த ஊருக்கே வந்துடறேன். அப்பா பேரை மட்டும் விடச் சொல்லாதீங்க.”

“சாட்டோங்கற பேரு உங்கப்பாவோட போயிடாதுடா! உனக்குப் பின்னாடி லட்சக்கணக்குல ஆள் இருக்கான்!”

“அதுல ஒருத்தன்கூட எங்கப்பாவோட பிள்ளை இல்லீங்களே.”

“எதிர்த்தா பேசறே?”

“பேசத்தான் செய்வேன். வலிக்கறது எனக்குத்தானே? கேக்கறது சுலபம் ஐயா. இதே மாதிரி ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு, கல்யாணம் வேணும்னா உங்கப்பா பேரை விடுன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தா, நீங்க விட்டிருப்பீங்களா?”

கனாயே அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “ரியோ, வேணாம். அதை மட்டும் கேக்காதே.”

“ஏன் கேக்கக் கூடாது? பதில் சொல்லட்டும்!”

யசுயோ டீக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தேய்சோவின் முகம் சிவந்து, வெளுத்தது. உள்ளங்கையால் படிவத்தின் மேல் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

“விட்டேன்டா! ஹஷிமோரி இந்த யசுயோ வீட்டுப் பேரு, நானும் உன்னை மாதிரி இங்க வந்த மாப்பிள்ளைதான். எங்கப்பா பேரு குமோதானி, நாடு முழுக்க அந்தப் பேர்ல இருந்தது அவரும் நானும் ரெண்டே பேரு. இந்தப் பேரு வாழணும்னு அந்தப் பேரை என் கையாலயே கொன்னுட்டு வந்தேன், இப்ப இதுவும் செத்துப் போச்சுன்னா எங்கப்பனுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?”