சோதிக்காத ஒன்று

"விஷம்னு எழுதிடும்மா," என்றார் மாயவன்.

இசைவாணி பேனாவைக் கீழே வைத்தாள்.

மாயவன் வெள்ளிமலையில் காமாலைக்கு மருந்து கொடுப்பவர். அவர் அரைத்துத் தரும் இலையின் சாற்றைத்தான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வருடமாக இசைவாணி சோதித்து வந்தாள். முடிவு வந்துவிட்டது. அதைக் கேட்க மனிதர் பஸ் பிடித்து மலையிறங்கி வந்திருந்தார்.

"வைத்தியரே, நான் சொன்னது புரிஞ்சுதா? உங்க இலை ஈரலுக்கு நல்லது செய்யுது. எலிங்களுக்கு இருபத்தெட்டு நாள் குடுத்துப் பாத்துட்டோம். ஒரு கெடுதலும் இல்ல."

"எலிக்கு இல்லன்னா சரி. மனுசனுக்கு ஆவாதுன்னு எழுது."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"ஒரு வரிதானேம்மா."

ஆராய்ச்சியில் பொய் எப்போதுமே ஒரு வரிதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முடிவை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுவதாக, இலை பறிக்கும்போதே அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். கெடுதல் இல்லாத இலை என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பறித்து அரைத்துக்கொள்ளலாம். வைத்தியரைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

"தொழில் போயிடும்னு பயமா?"

"அப்டியே வெச்சிக்கோ," என்றார் மாயவன். பிறகு, "சாராயத்தோட சேந்தா?" என்றார்.

"இன்னா?"

"இலையும் சாராயமும் ஒண்ணா வயித்துல எறங்குனா இன்னா ஆவும்?"

"அதை நாங்க சோதிக்கல. எங்க எலிங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல."

மாயவன் சிரிக்கவில்லை. "சோதிக்கலன்றது நெசந்தானே? அத்தயாவது கொஞ்சம் சத்தமா படி."

நிஜம்தான். பேனாவை எடுத்து அந்த வரியையும் சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வெள்ளிமலையில் கூட்டம். இலை நல்லது என்று அவள் படித்தபோது ஆண்கள் தலையாட்டினார்கள். சாராயத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது என்றபோது ஒருவரும் அசையவில்லை.

"செத்துடுவமா?" என்று எழுந்து கேட்டார் பழனி என்பவர்.

"தெரியாதுங்க. சோதிக்கல."

பழனி உட்கார்ந்துவிட்டார். மாயவன் கூரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பழனியின் மனைவி ராணியம்மாள் வந்து இசைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளம்மா, தெரியாதுன்னு சொன்ன. மருந்து உள்ள இருக்கசொல்ல குடிச்சா ரத்தம் கக்கிச் சாவன்னு வைத்தியரு சொல்லி வெச்சிருக்காரு. அந்தப் பயத்துலதான் எங்க வூட்டுக்காரரு சாராயத்தத் தொடறதில்ல. எங்க வூட்ல மட்டுமில்ல, பதிமூணு வூட்ல."

"எத்தினி நாளா மருந்து சாப்புடுறாரு?"

"நாலு வருசமா."

"நாலு வருசமா காமாலை போகலையா?"

"அது மொத மாசமே எறங்கிப்போச்சும்மா. வைத்தியருதான் மருந்த நிறுத்த மாட்டேன்றாரு."